பஸ்டர் கீட்டன் விழுந்த இடங்கள்

திங்கள், பிக்குவா, கேன்சஸ்

54ஆம் நெடுஞ்சாலையில் ஐயோலாவைத் தாண்டி மேற்கே ஏழெட்டு மைல் போனால் ஒரு தானியக் கிடங்கு, தண்டவாளம், ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய செங்கல் சர்ச். அவ்வளவுதான் பிக்குவா. 1895 அக்டோபர் 4 அன்று இங்கேதான் ஜோசஃப் ஃபிராங்க் கீட்டன் பிறந்தார். உலகத்துக்கு பஸ்டர் கீட்டன். பேசாப் படக் காலத்தில் சாப்ளின், ஹெரால்டு லாயிட், இவர் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் சாப்ளினைத் தெரியாத ஆள் இல்லை, கீட்டனைத் தெரிந்த ஆள் அபூர்வம். அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்புகளைத் தினமும் போடுகிறேன்.

கூட வந்திருப்பவர் என் பெரியப்பா. திருச்சி ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ரிடையர் ஆனவர். நடிகருக்காக அவர் வரவில்லை. கீட்டனின் 'தி ஜெனரல்' படத்தை நான் போட்டுக் காட்டியபோது அதில் ஓடிய எஞ்சின்களைப் பார்த்துவிட்டு, "அந்த ஊருக்கும் போவியா? அப்படின்னா நானும் வரேன்" என்றார்.

கீட்டன் இந்த ஊரில் பிறந்தது தற்செயல். அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போகும் ஒரு குழுவில் இருந்தார்கள். ஆட்டம் பாட்டு காட்டிக் கூட்டம் சேர்ப்பது, சேர்ந்ததும் மருந்து பாட்டில் விற்பது. "கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடறேன்னு சொல்லி லேகியம் விக்கிற கதைதான்" என்றார் பெரியப்பா. சரியாகச் சொன்னார். கீரியைக் கடைசிவரை அவிழ்த்துவிடாத அந்த ஆளைப் போலவே ஜோ கீட்டனும் கதை அளப்பதில் மன்னன். குழந்தையைச் சூறாவளி ஜன்னல் வழியாகத் தூக்கிப் போய்ப் பத்திரமாக இறக்கியது என்பார். மாடிப்படியில் உருண்ட குழந்தைக்கு 'பஸ்டர்' என்று பெயர் வைத்தவர் மந்திரக்காரர் ஹூடினி என்பார். இதில் எதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சூறாவளிக் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாக்ரமென்டோவில் வேண்டியிருக்கும்.

அருங்காட்சியகம் இருப்பது கிராமக் குடிநீர் வாரிய அலுவலகக் கட்டடத்தில். தண்ணீர் பில் கட்ட வருகிறவர்களும் கீட்டனைப் பார்க்க வருகிறவர்களும் ஒரே இடத்துக்குத்தான் வர வேண்டும். புகைப்படங்கள், போஸ்டர்கள், பத்திரிகைத் துண்டுகள். சிறியதுதான், ஆனால் அக்கறையோடு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அங்கே மனதில் நின்றது 'மூன்று கீட்டன்கள்' என்ற மேடை நிகழ்ச்சியின் கதை. அப்பா, அம்மா, பையன். அப்பா பையனைத் தூக்கி எறிவார். திரைச்சீலை மேல், வாத்தியக்காரர்கள் மேல், சில சமயம் பார்வையாளர்கள் பக்கம்கூட. தூக்க வசதியாகப் பையனின் சட்டை முதுகில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் பலமுறை பின்னால் துரத்தியது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் காயம் இருக்காது. எப்படி விழ வேண்டும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

சிரிக்காத முகமும் அங்கே கற்றதுதான். விழுந்து எழுந்து பையன் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை. உம்மென்று நின்றால் கொட்டகையே அதிர்ந்தது. பையன் மறந்துபோய்ச் சிரிக்கப் போனால் "முகம்! முகம்!" என்று அப்பா அடிக்குரலில் அதட்டுவாராம்.

பெரியப்பா சரக்கு ரயில் ஏதாவது வருமா என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

செவ்வாய், வழியில்

இன்று முழுக்க விமான நிலையங்கள். மாலையில் ஆரிகனில் யூஜீனுக்கு வந்து சேர்ந்தோம். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதால் விட்ட கதையைத் தொடர்கிறேன்.

1917இல் அப்பாவின் குடியால் அந்த நிகழ்ச்சி கலைந்தது. பஸ்டருக்கு 21 வயது. நியூயார்க்கில் பெரிய மேடை ஒன்றில் வாரம் 250 டாலருக்கு வேலை தயாராக இருந்தது. அந்த நேரத்தில் ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற பருத்த நகைச்சுவை நடிகர் தன் படப்பிடிப்பைப் பார்க்க அழைத்தார். போனவர் கேமராவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பிரித்தார், பூட்டினார், மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வாரம் 40 டாலருக்குச் சினிமாவில் சேர்ந்தார். நடுவில் முதல் உலகப் போருக்காக பிரான்ஸ் போய், காது கேட்கும் திறன் குறைந்து திரும்பினார். 1920இல் தனக்கென்று ஒரு ஸ்டுடியோ.

"சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டா போனான்?" என்று பெரியப்பா இரண்டு தடவை கேட்டார். அவருக்கு அது செரிக்கவில்லை.

புதன், காட்டேஜ் குரோவ், ஆரிகன்

இன்றைய பதிவு நீளும். இங்கே வருவதற்காகத்தானே இவ்வளவு தூரம்.

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையின் ஒற்றர்கள் ஜார்ஜியாவில் 'ஜெனரல்' என்ற எஞ்சினைத் திருடிக்கொண்டு வடக்கே ஓட்டினார்கள். அதன் கண்டக்டர் முதலில் கால்நடையாகவும் பிறகு கிடைத்த வண்டியிலும் துரத்திப் பிடித்தார். உண்மைச் சம்பவம். இதைத்தான் கீட்டன் 'தி ஜெனரல்' என்று படமாக எடுத்தார். உண்மையான 'ஜெனரல்' எஞ்சினையே கேட்டிருக்கிறார். சிரிப்புப் படம் என்று தெரிந்ததும் தர மறுத்துவிட்டார்கள். பழைய காலத்து எஞ்சின் ஓடக்கூடிய தண்டவாளம் தேடி, மர வியாபாரத்துக்காகப் போட்ட ரயில் பாதை இருந்த இந்த ஊருக்கு 1926 கோடையில் ரயில் நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் படத்தில் நடித்தார்கள். ஆரிகன் மாநிலப் படையினர் சுமார் 500 பேர் ஒருநாள் வடக்குச் சீருடை போட்டார்கள், இன்னொரு நாள் தெற்குச் சீருடை. தங்களையே சுட்டுக்கொண்டார்கள். படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் பேஸ்பால் ஆட்டம். கீட்டனுக்கு அது பைத்தியம்.

ஊர் நடுவில் ஒரு சுவர் முழுக்கக் கீட்டனும் எஞ்சினும் ஓவியமாக இருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு ரோ ஆற்றுப் பாதைக்குப் போனோம். அன்றைய ரயில் பாதைதான் இன்று தண்டவாளம் நீக்கப்பட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான சாலை. ஆற்றை ஒட்டியும் டொரீனா ஏரியை ஒட்டியும் கல்ப் கிரீக் வரை போகிறது. பெரியப்பா நடக்கும்போதே வளைவுகளை அளந்துகொண்டு வந்தார். "இந்த வளைவுல முப்பதுக்கு மேல போயிருக்க முடியாது." தண்டவாளமே இல்லாத பாதைக்கு வேகக் கட்டுப்பாடு!

படத்தில் ஒரு காட்சி. காதலி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். எஞ்சின் டிரைவரான நாயகன் சக்கரங்களை இணைக்கும் ராடு மேல் சோகமாக உட்கார்ந்திருக்கிறான். எஞ்சின் நகர்கிறது. ராடு மேலேயும் கீழேயும் போய் வர, அவனும் அப்படியே போய் வருகிறான். கவனிக்கவே இல்லை. ஷெட்டுக்குள் நுழையும் கணத்தில்தான் திடுக்கிடுகிறான். பார்ப்பவர்களுக்கு மெல்லிய சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். "பாரும்மா, வண்டி கோக்காத வெறும் எஞ்சின். நீராவியைத் திறந்துவிடற ரெகுலேட்டரை ஒரு நூல் அதிகமாத் திறந்தா போதும், சக்கரம் ஸ்லிப் அடிச்சிடும். எஞ்சின் நின்ன இடத்துல நிக்கும், சக்கரம் மட்டும் கரகரன்னு சுத்தும். ராடு மேல உக்காந்திருக்கிறவன் என்ன ஆவான்? ஒய்.பி. எஞ்சின்ல ஸ்லிப் அடிச்சு நான் பாத்திருக்கேன். அந்தச் சத்தமே வயித்தக் கலக்கும்." உண்மையில் அன்று எஞ்சினை ஓட்டியவரும் இதையேதான் கீட்டனிடம் சொல்லிப் பயந்தார். சக்கரம் சுழன்றால் உயிர் போகும் என்று தெரிந்தேதான் கீட்டன் உட்கார்ந்தார். "நடிச்சவன விட ரெகுலேட்டரைப் பிடிச்சவனுக்குத்தான் நான் கும்பிடு போடுவேன்" என்பது பெரியப்பா தீர்ப்பு.

அதே படத்தில் சக்கரம் வழுக்கும்போது நாயகன் இறங்கித் தண்டவாளத்தில் மண்ணை அள்ளிப் போடுவான். பிடிப்பு கிடைத்ததும் எஞ்சின் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். இதற்குப் பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். மணல் போடுவது எஞ்சின்காரர்கள் தினமும் செய்கிற வேலை. எஞ்சினின் முன்நுனியில் உட்கார்ந்து, மார்போடு அணைத்திருக்கும் ஸ்லீப்பர் கட்டையை வீசி, தண்டவாளத்தில் குறுக்கே கிடக்கும் இன்னொரு கட்டையின் ஓரத்தில் அடித்து எகிறச் செய்வானே, அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். நேற்று இரவுகூட. ஒரு கட்டை தவறினால் எஞ்சின் தடம் புரளும், முதலில் நசுங்குவது அவன்தான்.

எனக்குக் கீட்டனைப் பிடிக்கும் காரணம் இதுதான் என்று இன்றைக்குத் தெளிவாயிற்று. அவர் படத்தில் கனமான பொருள் உண்மையிலேயே கனமாக இருக்கும். கேமராவைத் தள்ளி வைத்து, ஆளையும் எஞ்சினையும் ஒரே சட்டத்தில் காட்டுவார். வெட்டி ஒட்டினால் பார்ப்பவன் சந்தேகப்படுவான் என்று அவருக்குத் தெரியும். சாப்ளின் முகத்தால் நம்மை அழ வைப்பார். இவர் முகத்தை மூடி வைத்துவிட்டுச் சக்கரத்தையும் ராடையும் நடிக்கவிடுவார். எனக்கு இவர் ஒரு படி மேல். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1926 ஜூலை 23. எரியும் மரப்பாலத்தின் மேல் எஞ்சின் ஏறுகிறது, பாலம் முறிந்து எஞ்சின் ஆற்றில் விழுகிறது. பொம்மை இல்லை. நிஜப் பாலம், நிஜ எஞ்சின். ஒரே தடவைதான் எடுக்க முடியும். ஊரில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் 42,000 டாலர் ஆனது என்பார்கள். பேசாப் பட யுகத்தின் மிகச் செலவான ஷாட் என்று பெயர். விழுந்த எஞ்சின் பல வருடம் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்காக எடுத்துப் போனார்கள்.

கல்ப் கிரீக் பக்கம் அந்த இடத்தைப் பார்த்தோம். பாலத்தின் அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர், பாறை, இரண்டு கரையிலும் மரங்கள். அந்தக் கோடையில் விறகு எரித்து ஓடிய எஞ்சின்களின் தீப்பொறியால் காடே பற்றியது. சிப்பாய் வேடம் போட்டவர்கள் சீருடையைக் கழற்றி அடித்துத் தீயை அணைத்தார்கள். புகை அடங்கும்வரை படப்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒரு நெருடலையும் சொல்லிவிட வேண்டும். "அப்ப ஹீரோ எந்தக் கட்சி? அடிமை வச்சிருந்த கட்சியா?" என்று பெரியப்பா கேட்டார். ஆமாம். மூலக் கதை வடக்குக்காரர் ஒருவர் எழுதியது. தோற்றுப்போன தெற்கை வில்லனாகக் காட்டினால் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று கீட்டன் கட்சியை மாற்றிவிட்டார். படத்தில் அடிமை முறை பற்றி மூச்சே இல்லை. இன்று பார்க்கும்போது அது உறுத்தத்தான் செய்கிறது. எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மறந்துபோகிறது என்பதும் உண்மை.

இவ்வளவு செய்தும் படம் ஓடவில்லை. விமர்சகர்களும் கைவிட்டார்கள். 1989இல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று தேசியப் பட்டியல் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இது இருந்தது. கீட்டன் போய்ச் சேர்ந்து 23 வருடம் ஆகியிருந்தது.

வியாழன், ஐந்தாம் நெடுஞ்சாலை

நாள் முழுக்கக் கார். சாஸ்டா மலை பனியோடு நன்றாகத் தெரிந்தது. மதியம் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதம். இரவு சாக்ரமென்டோவில் நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியில் அறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு இடம் தேடிப் படுக்கும்போது நடுநிசி.

வெள்ளி, சாக்ரமென்டோ

ஆற்றின் மேற்குக் கரை. 1927இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்துக்காக இங்கே ஒரு ஆற்றங்கரை ஊரையே கட்டி, அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள். முதலில் எழுதியது வெள்ளக் கதை. அந்த வருடம் மிசிசிப்பி வெள்ளத்தில் ஏராளமானோர் செத்ததால், அதைக் காட்டிச் சிரிக்க வைக்கக் கூடாது என்று சூறாவளியாக மாற்றினார்கள். விமானச் சுழலிகளைத் தரையில் நிறுத்திக் காற்றை உண்டாக்கினார்கள். பிக்குவாவில் அப்பா அளந்த கதை முப்பது வருடம் கழித்து மகன் கையில் நிஜமாயிற்று.

அந்தச் சுவர்க் காட்சியை ஏதாவது ஒரு வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் என்று தெரியாமலே பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடி வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து ஆள் மேல் விழுகிறது. மாடி ஜன்னல் திறந்திருப்பதால் அந்த ஓட்டைக்குள் நின்று தப்பிக்கிறான். சுவரின் எடை இரண்டு டன் என்று சொல்வார்கள். ஜன்னலுக்கும் அவர் உடம்புக்கும் நடுவே சில அங்குல இடைவெளிதான். படப்பிடிப்புக் குழுவில் சிலர் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1919லேயே ஆர்பக்கிள் படத்தில் இதைச் சிறிய அளவில் லேசான சுவரோடு செய்து பார்த்தார்கள். அடுத்த வருடம் 'ஒன் வீக்' படத்தில் இன்னும் பெரிதாக. கடைசியில் இங்கே முழு எடையோடு. ஒரே ஜோக்கை எட்டு வருடம் தீட்டியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க், ஸ்டுடியோவை மூடப் போவதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் துணிந்து நின்றார் என்று கீட்டன் பின்னாளில் பேசியிருக்கிறார். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இடைவெளியை இவ்வளவு கச்சிதமாக அளந்தவன் சாகவேண்டும் என்று நிற்கவில்லை.

சனி, ஹாலிவுட்

ஹாலிவுட் பொலிவார்டுக்குத் தெற்கே, கவெங்கா தெருவை ஒட்டி ஒரு குறுகிய சந்து. நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஆக்கி, மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள். சாப்ளினின் 'தி கிட்', கீட்டனின் 'காப்ஸ்', லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' மூன்றிலும் இந்தச் சந்து வருகிறது. ஜான் பெங்ட்சன் என்ற ஆய்வாளர் படச் சட்டங்களைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். 'காப்ஸ்' படத்தில், இங்கேயே தெருமுனையில், ஓடிக்கொண்டிருக்கும் காரைக் கீட்டன் ஒற்றைக் கையால் பிடிப்பார். உடம்பு கொடியில் காயும் துணியாகக் கிடைமட்டமாய்ப் பறக்கும். பெரியப்பாவை அந்த இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கையை நீட்டச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.

ஸ்டுடியோ இருந்தது லில்லியன் வே தெருவில். அவருக்கு முன்னால் அதே இடத்தில் சாப்ளின் படம் எடுத்தார். இப்போது ஒன்றும் இல்லை. 'ஷெர்லாக் ஜூனியர்' எடுக்கும்போது எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் மோதித் தள்ளியது. சில நாள் தலைவலி, அவ்வளவுதான் என்று வேலையைத் தொடர்ந்தார். பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான் கழுத்தெலும்பு முறிந்து கூடியிருப்பதைச் சொன்னார். "தண்ணிக் குழாயோட வேகம் தெரியாம கீழ நின்னா அப்படித்தான்" என்றார் பெரியப்பா. இரக்கமே இல்லை.

1928இல் எம்.ஜி.எம். என்ற பெரிய படக் கம்பெனியோடு ஒப்பந்தம். வேண்டாம் என்று சாப்ளினும் லாயிடும் தடுத்தார்கள். கேட்கவில்லை. முதல் படமான 'தி கேமராமேன்' நன்றாக வந்தது. அதன் பிறகு கதை, படத்தொகுப்பு, சாகசக் காட்சி எல்லாம் கம்பெனி முடிவு. எழுதி வைத்ததை மட்டும் பேசச் சொன்னார்கள். குடி, 1932இல் விவாகரத்து, மகன்களின் பெயரிலிருந்து கீட்டன் போய் அம்மாவின் டால்மட்ஜ் வந்தது. 1933இல் வேலையும் போனது. பின்னால் அதே கம்பெனியில் மற்றவர்களுக்கு ஜோக் எழுதிக் கொடுக்கும் ஆளாக உட்கார்ந்தார். இதை நீட்டி எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு, ஃபாரஸ்ட் லான்

பெவர்லி ஹில்ஸில் அவர் கட்டிய மாளிகையை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தோம். மரங்கள்தான் தெரிந்தன. பிற்பாடு அதை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். தொலைந்தது என்று நினைத்த சில படங்கள் அப்படித்தான் தப்பின.

கதை சோகத்தில் முடிகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு. 1940இல் எலியனோர் நாரிஸ் என்ற நடனக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். கடைசிவரை அவர்தான் துணை. 1947இல் பாரிஸ் சர்க்கஸில் ஆடினார். டிவி, விளம்பரம், சாப்ளினோடு 'லைம்லைட்'. தன் வாழ்க்கைக் கதையைப் படமாக்கும் உரிமையை விற்ற காசில் வுட்லண்ட் ஹில்ஸில் வீடு வாங்கினார். 1960இல் கௌரவ ஆஸ்கர். 1965இல் வெனிஸ் பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

ஃபாரஸ்ட் லான் என்ற ஹாலிவுட் மலையடிவாரத்துக் கல்லறைத் தோட்டத்தில் தரையோடு தரையாக அவர் பெயரும் இரண்டு வருடங்களும் மட்டும். லாரல்-ஹார்டி ஜோடியின் ஸ்டான் லாரலும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். லாரல் இறந்தபோது, எங்கள் எல்லோரையும்விட அதிகம் சிரிக்க வைத்தவர் இவர்தான் என்று கீட்டன் சொன்னாராம்.

அறைக்கு வந்து பெரியப்பாவுக்கு 'தி ரெயில்ராடர்' போட்டேன். கனடா அரசின் படப் பிரிவு 1964இல் எடுத்து அடுத்த வருடம் வெளியிட்ட குறும்படம். வயதான கீட்டன் தண்டவாளத்தில் ஓடும் சின்ன மோட்டார் வண்டியில் கனடாவைக் கடப்பார். உயரமான பாலத்தின் மேல் போகும்போது பெரிய வரைபடத்தை விரித்து அதிலேயே சிக்கிக்கொள்வார். ஆபத்து, வேண்டாம் என்று இயக்குநர் தயங்க, கீட்டன் கோபித்துக்கொண்டு பிடிவாதமாகச் செய்தார்.

பெரியப்பா படம் முடியும்வரை பேசவில்லை. அப்புறம், "இது நம்ம ஊர்ல தண்டவாளத்தைப் பாக்கற இன்ஸ்பெக்டர், பி.டபிள்யூ.ஐ., போற மோட்டார் டிராலிதான். பாலத்துல அவன் எந்திரிச்சு நின்னதுக்கே சஸ்பெண்ட் பண்ணணும்" என்றவர், பாலம் வரும் இடத்துக்கு ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டத் தொடங்கினார்.